கைப்பேசிச் செய்தியும் ரத்த அழுத்தமும்: வாசகர் கேள்விகள், மருத்துவர் பதில்கள்

உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்குக் கைப்பேசி வழியே நினைவூட்டல் அனுப்புவதால் பயன் உண்டா, அளவுகளை மருத்துவருக்கு எப்படி அனுப்புவது என்றெல்லாம் கேட்டு வாசகர்கள் பலர் எழுதியிருப்பதால், இந்த இதழின் கேள்வி பதில் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம். எழுதியவர்களின் பெயர்களைத் தவிர்த்து ஊர்களை மட்டும் தந்திருக்கிறோம். பதில் அளிப்பவர் ஒரு பொது மருத்துவர்.

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியர். நான் சிகிச்சை பெறும் மருத்துவமனையிலிருந்து வாரம் ஒருமுறை, மாத்திரையை மறவாதீர்கள், உப்பைக் குறையுங்கள் என்று குறுஞ்செய்தி வருகிறது. இத்தகைய செய்திகளால் ரத்த அழுத்தம் குறைகிறதா என்று யாராவது முறையாகச் சோதித்துப் பார்த்திருக்கிறார்களா? (விருத்தாசலம்)

பதில்: சோதித்திருக்கிறார்கள். அதுவும், நம் ஊர் அரசு மருத்துவமனைகளில் நடப்பதைப் போலவே, வரிசையில் நின்று மாதாமாதம் மாத்திரை வாங்கிச் செல்லும் மக்களிடையே சோதித்திருக்கிறார்கள். தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகரில் உள்ள ஒரு பொதுச் சுகாதார மையத்தில், உயர் ரத்த அழுத்தத்துக்குச் சிகிச்சை பெற்றுவந்த 1,372 பேரை 2012ஆம் ஆண்டில் குலுக்கல் முறையில் மூன்று பிரிவுகளாகப் பிரித்தார்கள். முதல் பிரிவினருக்கு அவரவர் விரும்பிய மொழியில், ஆங்கிலத்திலோ கோசாவிலோ ஆஃப்ரிகான்ஸிலோ, வாரம் ஒரு குறுஞ்செய்தி சென்றது. இரண்டாம் பிரிவினருக்கு அதே செய்தியோடு, செலவில்லாமல் பதில் அனுப்பி, மருத்துவரைப் பார்க்கும் தேதியை மாற்றிக்கொள்வது போன்ற வசதிகளும் தரப்பட்டன. மூன்றாம் பிரிவினர் வழக்கமான சிகிச்சையை மட்டும் பெற்றார்கள்.

ஓராண்டு முடிவில் முதல் பிரிவினரின் மேல் அளவு (140/90 என்று எழுதும்போது முதலில் வரும் எண்), வழக்கமான சிகிச்சை பெற்றவர்களைக் காட்டிலும் சராசரியாக 2.2 மி.மீ. (பாதரச மில்லிமீட்டர்) குறைந்திருந்தது. இரண்டாம் பிரிவில் வித்தியாசம் 1.6 மி.மீ.; அதைத் தற்செயல் என்று சொல்லிவிடவும் இடம் இருக்கிறது. 2016இல் சர்குலேஷன் என்ற மருத்துவ இதழில் வெளியான இந்த முடிவைப் படிப்பவர்களுக்கு, இதற்கா இவ்வளவு பாடு என்று தோன்றுவது இயல்புதான். ஆனால் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். ஆய்வில் சேர்ந்தபோதே அவர்களின் சராசரி அளவு 135/83 என்ற நிலையில்தான் இருந்தது. ஏற்கெனவே ஓரளவு கட்டுக்குள் இருக்கும் அளவை இன்னும் கீழே கொண்டுவருவது எந்த முறைக்கும் கடினம். அடுத்து, 140/90க்குக் கீழே இருந்தவர்கள் வழக்கமான பிரிவில் நூற்றுக்கு 58 பேர் என்றால், செய்தி பெற்ற இரு பிரிவுகளிலும் நூற்றுக்கு 65 பேர். மருந்து பெற்றுச் சென்ற பதிவுகளைப் பார்த்தபோது, ஐந்து நாளில் நான்கு நாளாவது கையில் மாத்திரை இருந்தவர்கள் வழக்கமான பிரிவில் பாதிப் பேர். செய்தி பெற்றவர்களில் ஏறத்தாழ நூற்றுக்கு 60 பேர். செய்தி செய்த வேலை இதுதான் என்று நான் புரிந்துகொள்கிறேன்: மாத்திரை தீர்வதற்குள் மருந்தகத்துக்கு வரவைத்தது. அழுத்தத்தைக் குறைத்தது மாத்திரை.

சில மில்லிமீட்டர் குறைவதை அலட்சியமாக எண்ணிவிடக் கூடாது. 48 ஆய்வுகளில் பங்கேற்ற சுமார் 3,45,000 பேரின் விவரங்களை ஒன்றாகத் திரட்டி 2021இல் லான்செட் இதழில் வெளியிட்ட கணக்கின்படி, மேல் அளவு 5 மி.மீ. குறைந்தால் மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பெரிய பாதிப்புகள் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குறைகின்றன.

இன்னும் தெளிவான பலன் கிடைத்த ஆய்வும் உண்டு. பலனே இல்லாமல் போன ஆய்வும் உண்டு. விந்தை என்னவென்றால் இரண்டையும் ஒரே பேராசிரியர்தான் தலைமையேற்று நடத்தினார். ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் கிளாரா சௌ தலைமையிலான குழு, இதய நோயாளிகள் 710 பேரில் பாதிப் பேருக்கு வாரம் நான்கு செய்திகள் வீதம் ஆறு மாதம் அனுப்பியது. 2015இல் வெளியான முடிவின்படி, செய்தி பெற்றவர்களின் மேல் அளவு மற்றவர்களைவிட ஏறத்தாழ 7.6 மி.மீ. குறைவு; புகைபிடிப்பவர்களின் எண்ணிக்கையும் நன்றாகக் குறைந்திருந்தது. அதே பேராசிரியர் பின்னர் மாரடைப்பு முதலிய திடீர் இதயப் பாதிப்புக்குள்ளானவர்கள் 1,400க்கும் மேற்பட்டோரிடம் செய்த ஆய்வு 2022இல் வெளிவந்தபோது, மாத்திரையை ஒழுங்காக எடுத்துக்கொள்வதில் செய்திகளால் வித்தியாசம் எதுவும் ஏற்படவில்லை என்று தெரிந்தது. ஆகவே செய்தி வருவதை வரவேற்றுப் படியுங்கள்; ஆனால் அது வந்துவிட்டது என்பதால் வேலை முடிந்துவிட்டதாக நீங்களும் எண்ண வேண்டாம், அனுப்பும் மருத்துவமனையும் எண்ண வேண்டாம்.

கேள்வி: நான் பெங்களூருவில் வேலை பார்க்கிறேன், அம்மா தேனிப் பக்கம் கிராமத்தில் தனியாக இருக்கிறார். தினமும் காலையில் “மாத்திரை போட்டாச்சாம்மா?” என்று வாட்ஸ்அப்பில் கேட்கிறேன், “போட்டுட்டேன்மா” என்று பதில் வந்துவிடுகிறது. ஆனால் ஊருக்குப் போகும்போது பார்த்தால் 160க்குக் குறைவதே இல்லை. நான் வேறு என்னதான் செய்வது? (பெங்களூரு)

பதில்: உங்கள் அக்கறையும் கவலையும் கடிதம் முழுவதும் தெரிகின்றன. ஆனால் நீங்கள் கேட்கும் கேள்விக்கு எந்தத் தாயும் “இல்லை” என்று பதில் எழுத மாட்டார். எழுதினால் அடுத்த நிமிடம் நீங்கள் அலுவலகத்திலிருந்து பதறிப்போய்க் கூப்பிடுவீர்கள் என்பது அவருக்குத் தெரியும்.

என்னிடம் சிகிச்சைக்கு வரும் ஓர் அம்மையாரின் மகனும் இப்படித்தான் நாள் தவறாமல் கேட்டுக்கொண்டிருந்தார், அம்மையாரும் நாள் தவறாமல் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். அழுத்தம் மட்டும் இறங்கவில்லை. அடுத்த முறை வரும்போது மாத்திரை அட்டைகளைக் கையோடு எடுத்துவரச் சொன்னேன். முப்பது நாளுக்குக் கொடுத்த மாத்திரையில் ஏறத்தாழப் பாதி அப்படியே இருந்தது. குறை சொல்லாமல் பேச்சுக்கொடுத்ததில் காரணம் தெரிந்தது: மாத்திரை போடத் தொடங்கிய பிறகு சாயங்காலமானால் பாதம் வீங்கி, மெட்டி விரலை இறுக்குகிறது, அதனால் ஒருநாள் விட்டு ஒருநாள் போடுகிறார். அவர் சாப்பிட்டுவந்தது அம்லோடிபின். பலருக்குக் கொடுக்கப்படும் நல்ல மருந்துதான், ஆனால் சிலருக்குக் கால் வீக்கத்தை உண்டாக்குவது அதன் அறியப்பட்ட பக்கவிளைவு. மருந்தை மாற்றியதும் வீக்கம் வடிந்தது, அழுத்தமும் சில வாரங்களில் இறங்கியது. அதுவரை மகன் அனுப்பிய செய்திகளில் ஒன்றுகூடக் கால் வீக்கத்தைப் பற்றிக் கேட்கவில்லை.

அதனால் நீங்கள் தினமும் சரிபார்ப்பதை விட்டுவிட்டு, வாரம் ஒருநாள் காரணத்தை விசாரியுங்கள். “காலு வீங்குதாம்மா? மாத்திரை போட்டா தலை சுத்துதா? வறட்டு இருமல் இருக்கா?” என்று கேளுங்கள், எனலாப்ரில் வகை மாத்திரைகள் சிலருக்கு விடாத வறட்டு இருமலைத் தரும். முழங்கால் வலிக்குத் தாமாகக் கடையில் வாங்கிப் போடும் மாத்திரை எது என்று கேட்டு, அதன் அட்டையைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகள் ரத்த அழுத்தத்தை ஏற்றிவிடக் கூடியவை, ரத்த அழுத்த மாத்திரையின் வேலையையும் கெடுக்கக் கூடியவை. ஊறுகாய், கருவாடு, அப்பளம், மோர் மிளகாய் இவற்றில் எது தட்டில் தினமும் இருக்கிறது என்பதையும் பேச்சோடு பேச்சாகத் தெரிந்துகொள்ளுங்கள். ஒரு நாளைக்கு உப்பு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள் இருக்க வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை.

ஞாயிற்றுக்கிழமைதோறும் மாத்திரை அட்டையைப் படம் எடுத்து அனுப்பச் சொல்வது எல்லாவற்றையும்விட உதவும். எத்தனை மீதி இருக்கிறது என்று பார்ப்பதோடு, எந்தத் தேதியில் தீரும் என்று நீங்களே கணக்கிட்டு, தீர்வதற்கு நான்கைந்து நாள் முன்னதாக நினைவூட்டலாம். மாத்திரை தீர்ந்து, பேருந்து ஏறிப் போய் வாங்க ஆள் இல்லாமல், பத்து நாள் இடைவெளி விழுந்துவிடுவதே கிராமங்களில் நான் அதிகம் காணும் குறை. தமிழ்நாட்டு அரசு 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீட்டுக்கே வந்து அழுத்தம் பார்த்து மாத்திரையும் தருகிறார்கள். உங்கள் தாயாரின் பெயர் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள். அந்தப் பகுதித் தன்னார்வலரின் எண்ணையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தாயாருக்குத் தினமும் அனுப்பும் செய்தியைக் காட்டிலும் அந்தத் தன்னார்வலருக்கு மாதம் ஒருமுறை அனுப்பும் செய்தி கூடுதல் பலன் தரலாம்.

கேள்வி: வீட்டில் கருவி வாங்கி வைத்து, அழுத்தம் பார்த்த ஒவ்வொரு முறையும் அளவை மருத்துவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். இரண்டு நீலக் கோடு விழுகிறது, பதில் வருவதில்லை. அனுப்புவதை நிறுத்திவிடட்டுமா? (கும்பகோணம்)

பதில்: நிறுத்த வேண்டாம், அனுப்பும் முறையை மாற்றுங்கள். நேரம் கெட்ட நேரத்தில் தனித்தனியாக வந்து விழும் எண்களை வைத்துக்கொண்டு எந்த மருத்துவராலும் முடிவெடுக்க முடியாது. பதில் எழுதாத மருத்துவருக்காக நான் பரிந்து பேசவில்லை. முன்கூட்டியே எப்போது, எப்படி அனுப்ப வேண்டும் என்று சொல்லித் தருவது எங்கள் கடமை, அதை நாங்கள் பெரும்பாலும் செய்வதில்லை.

இங்கிலாந்தில் 142 பொது மருத்துவர் மையங்களில், அழுத்தம் கட்டுக்குள் வராத 1,182 பேரிடம் நடந்த ஓர் ஆய்வு 2018இல் லான்செட்டில் வெளியானது. ஒரு பிரிவினர் வீட்டில் அளந்து காகிதத்தில் எழுதி அனுப்பினார்கள். இன்னொரு பிரிவினர் குறுஞ்செய்தியாக அனுப்பினார்கள். மூன்றாம் பிரிவினருக்கு மருத்துவமனையில் அளந்த அளவை வைத்தே சிகிச்சை நடந்தது. வீட்டில் அளந்த இரு பிரிவினரையும் தினமும் அளக்கச் சொல்லவில்லை. மாதத்தின் முதல் வாரம் மட்டும், காலையில் இரண்டு முறை, மாலையில் இரண்டு முறை. அந்த ஒரு வாரச் சராசரியைப் பார்த்து மாதாமாதம் மருந்தைக் கூட்டுவதா, அப்படியே விடுவதா என்று மருத்துவர் முடிவு செய்தார். அளவு அபாயகரமாக ஏறினாலோ இறங்கினாலோ, மருத்துவரைத் தொடர்புகொள்ளுமாறு குறுஞ்செய்தி அமைப்பே நோயாளியை எச்சரித்தது. ஓராண்டுக்குப் பின் மூன்றாம் பிரிவின் சராசரி மேல் அளவு 140.4, காகிதத்தில் எழுதியவர்களுக்கு 137, குறுஞ்செய்தி அனுப்பியவர்களுக்கு 136. காகிதத்துக்கும் கைப்பேசிக்கும் ஓராண்டு முடிவில் பெரிய வித்தியாசம் இல்லை என்பதைப் பாருங்கள். இரு பிரிவினருக்கும் பொதுவாக இருந்தது, வீட்டு அளவைப் பார்த்து மருந்தை மாற்றிய மருத்துவர். கைப்பேசியின் சிறப்பு வேகம்: ஆறாம் மாதத்திலேயே அந்தப் பிரிவில் அழுத்தம் நன்றாக இறங்கியிருந்தது.

ஆகவே உங்கள் மருத்துவரிடம் நேரில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “மாதத்தில் எந்த வாரம் அளந்து, எந்தக் கிழமை அனுப்பினால் உங்களால் பார்த்துச் சொல்ல முடியும்?” ஒரு வாரம் அளந்ததும் முதல்நாள் அளவுகளை விட்டுவிட்டு, மற்ற நாட்களின் சராசரியைப் போட்டு, ஒரே செய்தியாக அனுப்புங்கள். அதில் உங்கள் பெயர், வயது, இப்போது சாப்பிடும் மாத்திரைகளின் பெயர், மி.கி., இந்த வாரம் தவறவிட்ட நாட்கள் எத்தனை, சராசரி அளவு, ஏதேனும் உபாதை இருந்தால் அது, இவ்வளவும் இருக்கட்டும். வீட்டில் அளந்த சராசரி 135/85க்குக் கீழே இருந்தால் பொதுவாகக் கட்டுக்குள் இருப்பதாகக் கொள்ளலாம். உங்களுக்கு உரிய இலக்கு எது என்பதை உங்கள் மருத்துவரே சொல்ல வேண்டும். பதில் வராத கோபத்தில் நீங்களாக மாத்திரையைக் கூட்டவோ குறைக்கவோ கூடாது.

அளக்கும் விதம் பிசகினால் அனுப்பும் செய்தியும் பிசகிவிடும். கடைக்குப் போய்விட்டு மாடிப்படி ஏறி வந்த கையோடு கருவியின் பட்டையைக் கட்டுவது, டீ குடித்துக்கொண்டே பார்ப்பது, தொலைக்காட்சிச் செய்தியைப் பார்த்துக்கொண்டே பக்கத்தில் இருப்பவரோடு பேசுவது, இவை எல்லாம் அளவை ஏற்றிக் காட்டும். சிறுநீர் கழித்துவிட்டு வந்து, முதுகு சாய்ந்து, இரு பாதங்களும் தரையில் படும்படி நாற்காலியில் ஐந்து நிமிடம் பேசாமல் உட்காருங்கள். கை, நெஞ்சு மட்டத்தில் மேசைமேல் இருக்கட்டும். அரை மணி நேரம் முன்பிருந்தே காப்பி, டீ, புகை வேண்டாம். பட்டை சட்டைக் கைக்கு மேல் அல்லாமல் வெறும் கையில் இருக்க வேண்டும். பருத்த கைக்குப் பெரிய பட்டை தனியாகக் கிடைக்கிறது, சிறியதைக் கட்டினால் இல்லாத அழுத்தத்தைக் காட்டும். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை பாருங்கள். நல்ல எண் வரும்வரை திரும்பத் திரும்ப அளந்து அதை மட்டும் எழுதுபவர்கள் உண்டு. தயவுசெய்து வந்த எண்ணை அப்படியே எழுதுங்கள்.

கேள்வி: என் தந்தைக்கு எழுதப் படிக்கத் தெரியாது, வைத்திருப்பது பட்டன் போன். அவரைப் போன்றவர்களுக்கு இந்த வசதியெல்லாம் எட்டாக்கனிதானா? (திருவண்ணாமலை)

பதில்: இல்லை. படிக்கத் தெரியாதவர்களுக்குக் குரல் இருக்கிறது, குரலுக்குப் பட்டன் போனே போதும். மத்திய அமெரிக்காவின் ஹோண்டுராஸ் நாட்டிலும் மெக்சிகோவிலும் 200 பேரிடம் நடத்தி 2012இல் வெளியிட்ட ஆய்வில், வாரம் ஒருமுறை கணினி தானாகக் கூப்பிட்டு, பதிவு செய்த குரலில், இந்த வாரம் அளவு எவ்வளவு, மாத்திரை போட்டீர்களா, உப்பு எப்படி என்று கேட்டது. அவர்கள் பொத்தானை அழுத்திப் பதில் சொன்னார்கள். வீட்டில் அளக்கும் கருவியும் தரப்பட்டிருந்தது. ஆறு வாரத்தில் மொத்தமாகப் பார்த்தால் வித்தியாசம் உறுதியாகச் சொல்லும் அளவுக்கு இல்லை; ஆனால் எழுத்தறிவு குறைந்தவர்களும் நோயைப் பற்றிய விளக்கம் அதிகம் தேவைப்பட்டவர்களும் அடங்கிய பிரிவில் மேல் அளவு 8.8 மி.மீ. குறைந்தது. யாருக்கு எட்டாது என்று நாம் நினைக்கிறோமோ அவர்களுக்கே அதிகப் பலன் கிடைத்திருக்கிறது என்பது என் மனதுக்கு மிகவும் நிறைவளித்த செய்தி. உங்கள் தந்தைக்கு நீங்களே வாரம் ஒருநாள், ஒரே நேரத்தில், அழைத்து விசாரிக்கலாம். அவரது போனில் அலாரம் வைத்துக்கொடுங்கள். இரவுச் சாப்பாட்டோடு சேர்த்துப் போடுகிற மாத்திரையானால் தட்டு எடுக்கும் இடத்திலேயே மாத்திரை டப்பா இருக்கட்டும்.

கேள்வி: முருங்கைக்கீரைச் சாறு நாற்பது நாள் குடித்தால் ரத்த அழுத்த மாத்திரையை நிறுத்திவிடலாம் என்று உறவினர் குழுவில் ஒரு செய்தி சுற்றுகிறது. உண்மையா? (சிவகாசி)

பதில்: முருங்கைக்கீரை சத்துள்ள உணவு, தாராளமாகச் சாப்பிடுங்கள். மாத்திரையை நிறுத்தாதீர்கள். ரத்த அழுத்தம் ஏறினாலும் பெரும்பாலோருக்கு உடம்பில் எந்த அறிகுறியும் தெரியாது. அதனால் நிறுத்திய பின் நன்றாக இருப்பதாகவே தோன்றும், பக்கவாதம் வந்த பிறகுதான் தெரியவரும். அந்தக் குழுவில் நீங்கள் இந்தப் பதிலைப் பகிர்ந்தால் நான் மகிழ்ச்சி அடைவேன்.

கேள்வி: கேமரா மீது விரலை வைத்தால் ரத்த அழுத்தம் காட்டும் செயலி ஒன்றைப் பேரன் என் போனில் ஏற்றித் தந்திருக்கிறான். அதை நம்பலாமா? (நாகர்கோவில்)

பதில்: நம்ப வேண்டாம். இந்த வகைச் செயலி ஒன்றை அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக மருத்துவர்கள் சோதித்து 2016இல் வெளியிட்டபோது, உண்மையில் உயர் அழுத்தம் உள்ளவர்களில் ஐந்துக்கு நால்வருக்கு அளவு சரியாக இருப்பதாக அது காட்டியிருந்தது. மேல்கையில் பட்டை கட்டி அளக்கும் தானியங்கிக் கருவியை வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: நான் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் செவிலியர். எங்களிடம் வரும் ரத்த அழுத்த நோயாளிகளுக்குக் குறுஞ்செய்தி அனுப்ப நினைக்கிறோம். என்ன எழுதுவது, எவ்வளவு எழுதுவது, எப்போது அனுப்புவது? (தருமபுரி மாவட்டம்)

பதில்: சகோதரி, உங்களைப் போன்றவர்கள் கேட்கும்போதுதான் இந்தப் பகுதியை எழுதுவதற்குப் பொருள் இருப்பதாக உணர்கிறேன்.

முதலில் ஓர் எச்சரிக்கை. ஹரியானாவிலும் கர்நாடகத்திலும் 40 சமுதாய சுகாதார மையங்களில், உயர் ரத்த அழுத்தமோ நீரிழிவோ இரண்டுமோ உள்ள 3,698 பேரிடம் நடத்தப்பட்ட ஆய்வு 2018இல் வெளியானது. செவிலியரின் கையில் கைக்கணினி, அதில் மருத்துவருக்குச் சிகிச்சை ஆலோசனை, நோயாளிக்குக் குறுஞ்செய்தி நினைவூட்டல் என எல்லாம் இருந்தும், ஓராண்டு முடிவில் இவ்வசதிகள் தரப்படாத ஒப்பீட்டு மையங்களுக்கும் தரப்பட்ட மையங்களுக்கும் ரத்த அழுத்தத்தில் வித்தியாசம் இல்லை. இரு பக்கத்திலும் அழுத்தம் நன்றாகவே இறங்கியிருந்தது, ஏனென்றால் ஒப்பீட்டு மையங்களின் பணியாளர்களுக்கும் பயிற்சி தரப்பட்டிருந்தது. ஆகவே உங்கள் நிலையத்தில் மாத்திரை இருப்பு, சரியான கருவி, பொறுமையாக அளக்க நேரம் இவை முதலில் உறுதியாகட்டும். மாத்திரை வாங்க வாருங்கள் என்று செய்தி அனுப்பி, நூறு ரூபாய்க் கூலியை விட்டுவிட்டு வந்தவரிடம் இருப்பு இல்லை என்று சொல்ல நேர்ந்தால், அடுத்த செய்தியை அவர் திறந்துகூடப் பார்க்க மாட்டார்.

எல்லோருக்கும் தினமும் அனுப்புவதைவிட, குறித்த தேதியில் வராதவர்களின் பட்டியலை எடுத்து அவர்களுக்கு அனுப்புவதிலிருந்து தொடங்குங்கள். குறித்த தேதிக்கு இரண்டு நாள் முன்பு ஒரு செய்தி. வராவிட்டால் மூன்றாம் நாள் இன்னொன்று. அதற்கும் வராவிட்டால் செய்தியை நிறுத்திவிட்டு நீங்களே அழையுங்கள், அல்லது அந்தத் தெருவுக்குப் போகும் தன்னார்வலரிடம் சொல்லுங்கள். பொதுவான அறிவுரைச் செய்தி வாரம் ஒன்று போதும். கேப் டவுனில் அவ்வளவுதான் அனுப்பினார்கள்.

எழுதும் விதத்தில் ஒரு நடைமுறைச் சிக்கல் இருக்கிறது. ஆங்கிலக் குறுஞ்செய்தி ஒன்றில் 160 குறிகள் அடங்கும், தமிழில் 70தான். அதிலும் மெய்யெழுத்தின் புள்ளி, கொம்பு, கால் எல்லாம் தனித்தனிக் குறியாகக் கணக்காகும். “மருத்துவர்” என்று எழுதினாலே பத்துக் குறி போய்விடும். மிஞ்சினால் ஒரே செய்தி இரண்டு மூன்றாகக் கணக்காகிச் செலவு கூடும். ஆகவே ஒரு செய்தியில் ஒரே ஒரு விஷயம் இருக்கட்டும். “அம்மா, வெள்ளி காலை பிபி மாத்திரை வாங்க வாங்க” என்பது போதும். “தாங்கள் தவறாது மருந்து உட்கொள்ளுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறீர்கள்” என்பதைப் படிப்பவர், மின்வாரிய அறிவிப்பைத் தள்ளுவதுபோல் தள்ளிவிடுவார். வயதில் மூத்தவர்களை ஐயா, அம்மா என்று அழைத்து, நேரில் எப்படிப் பேசுவீர்களோ அப்படி எழுதுங்கள். மாத்திரை நிறுத்தினால் செத்துப்போவீர்கள் என்ற மிரட்டல் எந்த வடிவிலும் வேண்டாம். பயந்தவர் உங்களிடமிருந்து ஒதுங்கிப்போவார். எழுதியதை அனுப்புவதற்கு முன் காத்திருப்போர் பெஞ்சில் இருக்கும் நான்கு பேரிடம் படித்துக்காட்டி, என்ன புரிந்தது என்று கேளுங்கள்.

தனியுரிமையையும் மறக்க வேண்டாம். பல வீடுகளில் ஒரே போனை நான்கு பேர் பார்க்கிறார்கள். ரத்த அழுத்தம் என்றால் யாரும் வெட்கப்படுவதில்லை என்று நாம் எண்ணலாம். ஆனால் பெண் பார்க்க வருபவர்களுக்குத் தெரியக் கூடாது என்று அம்மாவின் நோயை மறைக்கும் குடும்பத்தை நானே அறிவேன். எண்ணைப் பதியும்போதே, செய்தி அனுப்பலாமா, நோயின் பெயரை எழுதலாமா, யார் படித்துச் சொல்வார் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்; ஒவ்வொரு வருகையிலும் எண் மாறியிருக்கிறதா என்று விசாரியுங்கள். மொத்தமாக அனுப்புவதானால் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் விதிப்படி அனுப்புநர் பெயரையும் செய்தியின் வாசகத்தையும் முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும் என்பதால், மாவட்டச் சுகாதார அலுவலகத்தின் வழியே போவதுதான் எளிது.

இறுதியாக, பதில் வந்தால் யார் பார்ப்பார் என்பதை முதல் செய்தி போகும் முன்பே முடிவு செய்துவிடுங்கள். “தலை சுத்துது” என்று ஒருவர் எழுதிய பதில் இரண்டு வாரம் யார் கண்ணிலும் படாமல் கிடப்பதைவிட, பதில் அனுப்ப முடியாத செய்தியாக வைத்து, அழைக்க வேண்டிய எண்ணை அதிலேயே தருவது நல்லது.

கேள்வி: ஒருநாள் இரவு 11 மணிக்கு என் கணவருக்கு 190/110 காட்டியது. மருத்துவருக்குச் செய்தி அனுப்பிவிட்டுக் காலைவரை காத்திருந்தோம். அப்படிச் செய்தது சரியா? (சேலம்)

பதில்: அவருக்கு வேறு எந்த உபாதையும் இல்லையென்றால், ஐந்து நிமிடம் அமைதியாக உட்காரவைத்து மீண்டும் அளந்து, அன்றைய மாத்திரை தவறியதா என்று பார்த்து, மறுநாளே மருத்துவரை நேரில் காண்பது பொருத்தம்தான். மேல் அளவு 180ஐயோ கீழ் அளவு 120ஐயோ தாண்டியிருக்கும்போது, நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், முகம் ஒரு பக்கம் கோணுதல், கை கால் ஒரு பக்கம் பலமிழத்தல், பேச்சுக் குழறல், பார்வை மங்கல், தாங்க முடியாத தலைவலி, குழப்பம் இவற்றில் ஒன்று இருந்தாலும் யாருக்கும் செய்தி தட்டச்சு செய்துகொண்டிருக்காதீர்கள், பதிலுக்குக் காத்திருக்காதீர்கள், 108ஐ அழையுங்கள். முகம் கோணுவதும் பேச்சுக் குழறுவதும் அளவு எவ்வளவாக இருந்தாலும் பக்கவாதத்தின் அறிகுறிகள். அப்போது கருவியைத் தேடிப் பட்டை கட்டுவதும் வீண் தாமதம். எந்த மணிக்குத் தொடங்கியது என்பதை மட்டும் குறித்துக்கொண்டு புறப்படுங்கள். மருத்துவமனையில் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.